சதுரவட்ட முத்திரைக்காக ஜோகுபாளையம் சுப்ரமணியன் பொருத கதை

வாழ்க சுப்ரமணியன்! வலக்கையில் இடுக்கியும் இடக்கையில் பூதக்கண்ணாடியும் ஏந்தி, ஜோகுபாளையத்து இரண்டாம் மாடியிலிருந்து விக்டோரியா மகாராணி காலத்து அஞ்சல்தலைகளில் குத்திய முத்திரைகளைக் கட்டியாண்ட பதினோரு ஆல்பங்களின் தனிப்பெருந்தலைவர் வாழ்க!

அவரிடம் இல்லாத முத்திரைதான் எது? இளம் மகாராணியின் திருமுகத்தில் பதிந்த செந்நிற மால்டாச் சிலுவை உண்டு. கரும்புள்ளிகள் அம்மை போல் இறைந்த வைரவடிவம் உண்டு. அஞ்சலக எண்ணை வயிற்றில் சுமந்த எண்கோணம் உண்டு. ஊர்ப்பெயரையும் அஞ்சல்தலையைச் செல்லாததாக்கும் அடிப்பையும் ஒரே குத்தில் இறக்கும் இரட்டை முத்திரையும் உண்டு. சதுரத்துள் வட்டம் அமைந்த பெங்களூர் கண்டோன்மென்ட் முத்திரை மட்டும் இல்லை. அதற்கென்று ஒதுக்கிய கட்டம் பத்தொன்பது ஆண்டுகளாய்ப் பொக்கைவாய்போல் அவரைப் பார்த்துச் சிரித்தது.

அன்று ஞாயிறு. காக்ஸ் டவுன் மன்றத்தில் சேகரிப்பாளர் திரண்டிருக்க, வியாபாரி சஞ்சயின் செருப்புப் பெட்டிக்குள், பழுப்பேறிய உறையொன்றின் மூலையில், அந்தச் சதுரவட்டம் சுடர்விட்டது! பசித்த பருந்தெனப் பாய்ந்தது சுப்ரமணியனின் கை. அதே கணம் எதிர்முனையைப் பற்றியது இன்னொரு கை. பிரேசர் டவுன் ஜோவிதா டீச்சர்! முப்பதாண்டு கணக்குப் பாடத்தில் கருணை மதிப்பெண் ஒன்றும் இட்டறியாத வீராங்கனை.

"நான்தான் சார் மொதல்ல பாத்தேன். விடுங்க."

"பாத்தது நீங்க, தொட்டது நான். கிழிஞ்சா நீங்கதான் டீச்சர் பொறுப்பு!"

இழுத்தால் கிழியும், விட்டால் போய்விடும். ஆகவே இருவரும் இழுக்கவுமில்லை, விடவுமில்லை. இரு யானைகள் ஒரே கரும்பைப் பற்றியதுபோல் இருபது நிமிடம் நின்றனர். சுப்ரமணியனின் மூக்கு அரித்தது, வீரர் சொறியவில்லை. தோள் மரத்தது, வீரர் தளரவில்லை. இதை இழந்தால் இனி அந்த ஆல்பத்தைத் திறக்க மனம் வராது என்று மட்டும் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஒந்து நிமிஷ சார், தேதியப் பாத்துடறேன்" என்று பாதி கன்னடத்தில் சொல்லிக் குனிந்த சஞ்சய், பூதக்கண்ணாடியை வைத்து உரக்கப் படித்தான்: "மார்ச்சு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு."

மன்றம் உறைந்தது. மகாராணி மறைந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, ஜனவரி! அஞ்சல்தலையில் இருப்பது அவர் முகம்; முத்திரை விழுந்ததோ மகன் எட்வர்டு ஆட்சியில்!

"எட்வர்டா!" என்று இருவரும் ஒருசேரக் கையை உதறினர். உறை மேசையில் விழுந்தது. தனக்குக் கிடைக்காத துயரம் சுப்ரமணியனின் நெஞ்சை ஒரு கணம் பிளந்தது. டீச்சருக்கும் கிடைக்கவில்லை என்ற பேரானந்தம் மறுகணமே அப்பிளவை அடைத்தது.

பிறகு அவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டார்.