ஒரு மணி நேரப் பீன்ஸ்

பீன்ஸ் வெந்து ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆனால் குறிப்பின்படி அது வேக இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது.

மரியராஜ் கரண்டியில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினான். நசுங்கியது. பக்கத்தில் இருந்த நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டான். அந்த நோட்டில் மூன்று பத்திகள் உண்டு: சோதனை, காண்பன, அறிவன. பகலில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளனாக இருப்பவன் அவன். உப்பைப் பகுத்தாய்ந்தாலும் சரி, குழம்பில் உப்புப் போட்டாலும் சரி, மூன்று பத்தியாகப் பிரித்து எழுதாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

முதல் இரண்டு பத்திகள் எப்போதும் நிரம்பி வழியும். 'அறிவன' மட்டும் காலியாகக் கிடக்கும். எதையும் அறிந்துவிட்டதாக எழுத அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"வெந்துருச்சுல்ல? அணைக்க வேண்டியதுதான?" என்றாள் அன்னாள். அவன் அண்ணனின் மனைவி. ரேஷன் மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் செலவழிப்பவள்.

"ஒரு மணி நேரம் வேகணும்னு போட்டிருக்கு அண்ணி."

"பீன்ஸா?"

"கிரீஸ் நாட்டுல அப்படித்தானாம்."

"அந்த ஊருல யாருக்கும் பல்லு கிடையாதா?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. மரியராஜ் அதையும் 'காண்பன'வில் எழுதினான். எழுதி முடித்துத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனான். திரும்பி வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. பீன்ஸ் அண்ணனின் தயிர்ச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் போயிருந்தது.

"நல்லாருக்குடா," என்றான் அண்ணன்.

ஆக, அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் பீன்ஸுக்கு என்ன ஆகும் என்பது வியாழக்கிழமை ஆகியும் தெரியாமலே போயிற்று. சனிக்கிழமை பரீட்சை.

திண்டுக்கல் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் நடந்தது அந்த மாலைச் சமையல் வகுப்பு. நடத்தியவர் முகமது பாரூக். பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமைத்தவர். இந்த முறை ஒன்பது மாணவர்கள். ஆளுக்கு ஒரு நாட்டின் பெயரைச் சீட்டில் எடுத்து, அந்த நாட்டுச் சமையல் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். அதில் முதலாவதாகத் தேறுகிறவனுக்குச் சென்னைக் கப்பல் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் தருவார். அங்கே உதவிச் சமையல்காரர் இடம் ஒன்று, ஒன்றே ஒன்று, காலியாக இருந்தது.

வேளாங்கண்ணித் திருவிழாவில் முழங்கால்வரை நனைந்ததைத் தவிர மரியராஜுக்குக் கடலோடு பழக்கமில்லை. ஆனாலும் நாலு வருஷமாகச் சோதனைக் குழாய் கழுவிய கைக்கு அந்தக் கடிதம் வேண்டும் போலிருந்தது. இரவில் படுத்தால் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்கு விழுந்தது கிரீஸ். அதற்குப் பாரூக் எழுதிக் கொடுத்த குறிப்பு, ஒரு மணி நேரம் வேகும் பீன்ஸ். அவர் உயிரே அந்தப் பதார்த்தத்தில்தான் இருந்தது. இதுவரை ஐந்து வகுப்புகளில் கிரீஸ் சீட்டு எடுத்த ஐந்து பேரும் தோற்றிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மருந்துக்கடைக்குப் போனான். ஆலிவ் எண்ணெய் ஊரிலேயே அங்கேதான் கிடைக்கும், சின்னச் சின்னப் பாட்டிலில்.

"ஆறு பாட்டில் குடுங்க."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை மாசக் குழந்தை?"

"குழந்தைக்கு இல்ல. பீன்ஸுக்கு."

கடைக்காரர் ஆறு பாட்டிலையும் மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"'வெளி உபயோகத்துக்கு மட்டும்'னு போட்டிருக்கே," என்றான் மரியராஜ், பாட்டிலைத் திருப்பிப் பார்த்து. "உள்ளுக்குச் சாப்பிடலாங்களா?"

"பீன்ஸைக் காட்டுன டாக்டர் என்ன சொன்னாரு?"

அவன் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. அன்னாள் வாசலிலேயே நின்றாள்.

"ஆறு பாட்டில் வாங்குனியாம்ல. ரெட்டைப் பிள்ளையாப்பா? எங்ககிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

அன்று மாலை வகுப்பில் அவன் எழுந்து நின்றான்.

"சார், பீன்ஸ் இருபது நிமிஷத்துல வெந்துருது. மிச்ச நாப்பது நிமிஷம் அது என்ன செய்யுது?"

வகுப்பு சிரித்தது. பாரூக் சிரிக்கவில்லை.

"யோசிக்குது," என்றார்.

மரியராஜ் எழுதிக்கொண்டான்: யோசிக்கிறது.

"எங்க கேப்டன் கிரீஸ்காரர், அப்பு. மூணு நாளாச் சோறு இறங்கல அவருக்கு. அவங்க அம்மா பீன்ஸும் தக்காளியும் போட்டு ஒண்ணு செய்வாங்களாம். அதையே சொல்லிச் சொல்லி மருகிக்கிட்டிருந்தாரு. செஞ்சு கொண்டுபோயி வச்சேன். ஒரு வாய் வச்சாரு. தட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. மறுவாரம் நான் தலைமைச் சமையல்காரன்."

"செய்முறை அவரு சொன்னாரா சார்?"

"அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது."

"அப்ப உங்களுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

அந்த நேரம் பார்த்து வாசல் கதவின் சங்கிலி ஆடியது. மணி ஏழு. பாரூக்கின் மனைவி அஜீஸுன்னிசா சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் நேரம். பாரூக் பாய்ந்து போய்க் கதவைக் கால்வாசி திறந்து, மாத்திரையை வாங்கி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஆறு மாதமாக இதே வழக்கம். ஒரு நாளும் அந்த அம்மா உள்ளே வந்ததில்லை.

"கோஷா போலருக்கு, ஆம்பளைங்க முன்னால வர மாட்டாங்க," என்றான் பக்கத்தில் இருந்த இளஞ்செழியன். அவனுக்குச் சீட்டில் சீனா விழுந்திருந்தது.

அது காரணமாக இருக்க முடியாது என்று மரியராஜுக்குத் தோன்றியது. மீன் கடையில் அந்த அம்மா பேரம் பேசுவது மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும். 'காண்பன'வில் எழுதினான். 'அறிவன' காலி.

வகுப்பு முடிந்ததும், வாங்கி வைத்த பீன்ஸில் ஒரு கிலோவைப் பாரூக்கிடம் நீட்டினான். "அதிகமா வாங்கிட்டேன் சார். வீட்டுக்குக் கொண்டுபோங்க."

"எங்க வீட்டு வாசப்படி பீன்ஸ் ஏறி இருபத்தஞ்சு வருசம் ஆச்சு தம்பி."

"ஏன் சார்?"

"வாங்க மாட்டேங்குறா. ஏன்னு நானும் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒன்பது மண்ணெண்ணெய் அடுப்புகளும் பற்றின. மரியராஜ் வெங்காயத்தை ஆலிவ் எண்ணெயில் வதக்கினான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டிய வீடு மாதிரி கிட்டங்கி மணத்தது. தக்காளி போட்டான். பீன்ஸ் போட்டான். ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தை அழுத்தினான்.

இருபதாவது நிமிஷம் பீன்ஸ் வெந்துவிட்டது. கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இருபத்தைந்தாவது நிமிஷம் ருசி பார்த்தான். நாட்டுத் தக்காளி, பல் கூசியது. ஒரு கரண்டி சர்க்கரை போட்டான். பாயசத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட உப்புப் போட்டான். இப்போது கடலே உள்ளே வந்ததுபோல் இருந்தது. உப்பைக் குறைக்க இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினான். பீன்ஸ் மிதந்தது.

"ஏலே, உன் கப்பல் கெளம்பிருச்சுடா," என்றான் இளஞ்செழியன், தன் நூடுல்ஸைக் கிண்டியபடி.

தண்ணீர் வற்றத் திரியை ஏற்றினான். அடுப்பு புகைந்தது. எல்லோரும் இருமினார்கள். புகை போக யாரோ வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்கள்.

ஒருவழியாகத் தண்ணீர் சுண்டத் தொடங்கியது. இந்தப் பாடத்தை உடனே எழுதாவிட்டால் மறந்துபோகும் என்று மரியராஜ் நோட்டை எடுத்தான். "திரியை ஏற்றியபின் நிமிஷத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். கவனம் சிதறினால் அடிப்பிடித்துவிடும்" என்று எழுதினான். முக்கியமான வரி என்பதால் அடிக்கோல் வைத்துப் பென்சிலால் அடிக்கோடு இட்டான். கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இட்டான்.

அப்போதுதான் வாசம் வந்தது.

சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினான். மேலே இருந்ததை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினான். பச்சை என்பது எங்கும் இல்லை. ஆலிவ் எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றது. பீன்ஸ், யோசித்து யோசித்து, ஒரு முடிவுக்கு வந்துவிட்ட மாதிரி படுத்துக் கிடந்தது. எல்லாவற்றிலும் தீய்ந்த வாசம். கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் காட்டியது.

பாரூக் வரிசையாக ருசி பார்த்துக்கொண்டு வந்தார். நூடுல்ஸுக்கு, "பரவால்ல." அடுத்ததற்கு, "உப்பு." அதற்கடுத்ததைத் தின்னாமலே தாண்டினார். மரியராஜின் தட்டில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார்.

மெல்லவில்லை. மெல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணை மூடினார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சார், அடிப்பிடிச்சுருச்சு சார்," என்றான் மரியராஜ். கடிதம் போனாலும் பொய்யாகப் போகக் கூடாது என்று தோன்றியது. "சர்க்கரை போட்டேன், உப்பு போட்டேன், தண்ணி ஊத்துனேன். எழுதிக்கிட்டே இருந்துட்டேன், கவனிக்கல. இது குறிப்புல உள்ளது இல்ல சார்."

"வாய மூடுடா. செத்த நேரம் சும்மா இரு." பாரூக் இன்னொரு விள்ளல் எடுத்தார். "இதேதான். கேப்டன் சாப்பிட்டது இதேதான். அஞ்சு பேரு செஞ்சானுங்க, ஒருத்தனுக்கும் இந்த வாசம் வரல."

"அடிப்பிடிக்கணும்னு நீங்க எழுதலையே சார்."

"எல்லாத்தையும் எழுத முடியுமா, அப்பு?"

மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் பேர் அச்சடித்த கடிதத் தாளை எடுத்து, 'மரியராஜ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மரியராஜ் தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நோட்டைப் பிரித்தான். வாழ்க்கையில் முதன்முறையாக, பேனாவால், 'அறிவன' என்ற பத்தியில் எழுதினான்: "கிரீஸ் நாட்டார் பீன்ஸை வேண்டுமென்றே தீய விடுகிறார்கள். அதுவே அவர்கள் மரபு."

மணி ஏழு. கதவு திறந்தே கிடந்ததால் சங்கிலி ஆடவில்லை. மாத்திரைப் பொட்டலத்தோடு அஜீஸுன்னிசா வாசம் பிடித்துக்கொண்டே நேராக உள்ளே நடந்து வந்தார். பாரூக் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னால் போன தட்டு மரியராஜின் மூக்குக்கு முன்னால் நின்றது.

"என்ன வெஞ்சனம் தம்பி இது?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா சுற்றிவந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"கிரீஸ் நாட்டுப் பீன்ஸ்மா. கேப்டனோட அம்மா செய்யிறது."

அஜீஸுன்னிசா கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

"எந்தக் கேப்டனோட அம்மா? கல்யாணமான மறுவாரம் சித்தையன்கோட்டையில நான் அடுப்புல வச்சுட்டு, பக்கத்து வீட்டுல பேசிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து இறக்குனது தம்பி இது. இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாரேன்னுதான், அன்னையோட நான் பீன்ஸ் வாங்குறதையே விட்டேன்."