ஸ்பிரிங் அக்காவின் உலக வர்த்தகம்

உலகப் பொருளாதாரம் என்னும் மாபெரும் மண்டபம் கட்டைவிரல் நகத்தளவு ஸ்பிரிங் ஒன்றின்மேல் நிற்கிறது என்பதை அறியாதார் அறியக் கடவர். விரித்த குடை மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துமே, அந்த ஸ்பிரிங்தான். அதை ஒரு சின்ன நாட்டில் வளைத்தார்கள். துணி ஒரு நாட்டில், கைப்பிடி வேறொரு நாட்டில், எல்லாவற்றையும் பூட்டுவது மூன்றாவது நாட்டில். முழுக் குடையாகக் கப்பலில் திரும்பி வரும்போது, ஸ்பிரிங் வளைத்தவர்களே 'ஃபாரின் குடை' என்று வாயைப் பிளந்தார்கள்.

அந்த ஸ்பிரிங் ஆலையில் பதினோரு வருஷமாக மேற்பார்வை பார்த்தவளை எல்லோரும் ஸ்பிரிங் அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் குடைகளை நிமிர்த்தி நிறுத்தியவள், மழை வந்தால் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். குடை வாங்கக் கட்டுபடியாகாது.

மழைக்காலம் தொடங்கிய வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. துணி நெய்யும் நாட்டில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடக்கின்றன. ஆகவே குடை இல்லை. ஆகவே ஸ்பிரிங் வேண்டாம். ஆகவே ஆலையின் நாற்பது பெண்களுக்கும் சம்பளமில்லாத 'உத்திசார் ஓய்வு'.

ஆறுதல் சொல்ல ஏற்றுமதி மேம்பாட்டு அதிகாரி வந்து, முக்கால் மணி நேரம் படம் போட்டுக் காட்டினார். எங்கோ சாயம் காயாவிட்டால் இங்கே அடுப்பு எரியாமல் போவது, நம் பொருளாதாரம் எவ்வளவு திறந்த மனம் படைத்தது என்பதற்குச் சான்று என்றார்.

"நீங்க எல்லாரும் உலகச் சங்கிலியில ஒரு கண்ணிம்மா."

"கண்ணின்னா மாட்டிக்கிறதுதானே சார்?" என்று கேட்டாள் அக்கா.

அதிகாரி அதை 'ஆக்கபூர்வமான ஐயம்' என்று குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள் அக்கா. அரிசி டப்பாவின் அடி தெரிந்ததும் மேனேஜரிடம் போய், மயிரிழை கோணலுக்காகக் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகளைக் கேட்டாள். குப்பை லாரிச் செலவு மிச்சம் என்று அவர் இரண்டு பீப்பாயைத் தள்ளிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் நாலு பெண்கள், ஒரு பெஞ்சு, இரண்டு குறடு; குடை பழுதுபார்க்கும் கடை தயார். அந்த ஊரில் கதவுக்குப் பின்னால் உடைந்த குடை தொங்காத வீடே இல்லை. வரிசை மருந்துக்கடை வரை நீண்டது. மூன்றாம் வாரத்தில் நாற்பது பேரும் பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். ஒட்டுப்போட்ட மஞ்சள் குடை ஒன்றைத் தனக்கென்று தைத்துக்கொண்டு, மழையில் மெதுவாக நடந்தே வீட்டுக்குப் போனாள் அக்கா. அன்று கணவர் அவளை அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்டார்.

பிறகு ஒருநாள் அதிகாரியே சொட்டச் சொட்ட வந்து நின்றார். அவருடைய குடை இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்தது.

"எல்லாத்தையும் ஒரே பெஞ்சுல செய்றீங்களே. இது ரொம்ப ஆபத்தும்மா," என்றார்.

"யாருக்கு சார்?"

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மறுநாளே ஆணை வந்தது. பெண்களின் முயற்சிக்கு நாடே தலைவணங்குகிறது. அதை உலகத்தரத்துக்கு உயர்த்தும் பொருட்டு, இனி பழுதான குடைகள் யாவும் ஏற்றுமதி செய்யப்பட்டு, மூன்று நாடுகளில் செப்பனிடப்பட்டு, இறக்குமதியாகும். அவை வந்து சேரும்வரை பொதுமக்கள் நனைந்து ஒத்துழைக்க வேண்டும்.

அக்கா அதைச் சத்தமாக வாசித்தாள். வரிசையில் நின்ற தபால்காரர், அப்படியென்றால் எல்லோருமே நனைய வேண்டுமா என்று கேட்டார்.

"கையெழுத்துப் போட்டவரு நனைய மாட்டாரு," என்றாள் அக்கா, அடுத்த குடைக்குக் கையை நீட்டியபடி. "அவரு குடைய நேத்துதான் நான் சரி பண்ணிக் குடுத்தேன்."