இரண்டு கரண்டி பால்மா

அரைகுறையாகத் தெரிந்தவனைவிட முழுதாகத் தெரிந்தும் கேட்காதவன்தான் ஆபத்தானவன். கணித வாத்தியாரான நானே அதற்கு நிரூபணம்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாதக்கணக்கில் காத்திருந்துதான் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா மாவனல்லைக்காரர், தமிழிலேயே விளக்கினார். முன்பெல்லாம் முதல் நாள் இரவிலிருந்தே நோயாளியைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காயப்போடுவார்களாம். இப்போதைய ஆராய்ச்சிகளின்படி அது தேவையில்லையாம். சாப்பாடு கூடாது; ஆனால் இரண்டு மணித்தியாலம் முன்புவரை தண்ணீரோ பிளேன்டீயோ குடிக்கலாம், பால் மட்டும் சேர்க்கவே கூடாது என்றார். அன்று மாலையே எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க இதை வகுப்பெடுத்தேன் (கேட்காதவர்களுக்கும்தான்).

ஆபரேஷன் அன்று காலை யட்டியாந்தோட்டையிலிருந்து புறப்படுமுன் தேத்தண்ணி ஊற்றினேன். எங்கள் தோட்டத்தில் பிளேன்டீ என்பது அன்றாடம் நாங்கள் குடிப்பது. விருந்தாளிக்கும் நோயாளிக்கும் பால் இல்லாமல் கொடுப்பது மரியாதை இல்லை. வயிற்றைக் கிழிக்கப் போகிறவளுக்கா வெறும் சாயம்? மனசு கேட்கவில்லை. இரண்டு கரண்டி பால்மா போட்டேன். கொஞ்சம் போட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் குடித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஸ்டெல்லா காலையில் என்ன குடித்தாள் என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"பிளேன்டீதான் டாக்டர்."

ஸ்டெல்லா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"இல்லீங்க டாக்டர். இவரு பால்மா போட்டுத்தான் குடுத்தாரு."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பால் சீக்கிரம் வயிற்றை விட்டுப் போகாது, மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று நிதானமாகச் சொன்னார். மானத்தைக் காப்பாற்றச் சொன்ன ஒரு பொய்யில் அவளைக் கொன்றிருப்பேன்.

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அதற்குள் இரண்டு முறை வலி வந்தது. இரண்டு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். கேகாலையில் ஒரு புது டாக்டர், காலையில் ஏதாவது குடித்தீர்களா என்று கேட்டார். உண்மையாகவே நான் ஒன்றும் குடித்திருக்கவில்லை. அதைச் சொல்லுமுன், ஸ்டெல்லாவோடு கூட வந்திருந்த எங்கள் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பாட்ட கேக்காதீங்க டாக்டர், அம்மாட்ட கேளுங்க."

அவரும் பேனாவோடு ஸ்டெல்லா பக்கம் திரும்பிக்கொண்டார்.