போலந்து மாஸ்டரை ஆல்பனி பிடித்த கதை

வெளிநாட்டுக்கு வந்து நாங்கள் குடியிருந்த நியூ லின்னில் குக்கர் விசில் அடித்தால்கூட அதில் சோவியத் படை வரும் சத்தத்தைக் கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் போலந்து மாஸ்டர்தான். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். வாடகை வீட்டில் மூன்று அறைகள்: அவர், மலேசியா குமார், மனைவியின் விசாவுக்குக் காத்திருந்த நான். உலகப் போர் முடிந்து கிழக்கு ஐரோப்பா நாடு நாடாகச் சிவப்பானதைத் தவிர மாஸ்டருக்கு வேறு பேச்சே கிடையாது.

குமார் ஒருநாள் சமையல் மேடையில் தன் ரைஸ் குக்கரை வைத்தான்.

"கவனியும் தம்பி," என்றார் மாஸ்டர் என்னிடம். "படை வந்தது ஜெர்மன்காரனை விரட்டத்தான். விரட்டின பிறகு வீட்ட போகேல்ல. முதல்ல பொலிஸ், பிறகு ரேடியோ, கடைசியில தேர்தல்."

"சோறாக்கத்தானே வெச்சிருக்கான், மாஸ்டர்."

"போலந்திலயும் அப்பிடித்தான் நினைச்சவை."

சிரித்தேன். சிரித்த கையோடு ஃபிரிட்ஜில் என் பங்கு அடுக்கைச் சுற்றி எல்லையாக டேப் ஒட்டினேன். மறுநாள் எல்லைக்குள் ஒரு சாம்பார்ச் சட்டி. குமாரை விசாரித்தேன்.

"நீங்க தினம் ரொட்டியே சாப்பிடுறீங்க அண்ணே, அதான் வச்சேன் லா," என்றான் குமார்.

அன்று அவன் சமையலில் விழுந்தவன்தான் நான். ருசியான ஆக்கிரமிப்பு.

நிஜப் படையெடுப்பு நகரின் மறுகோடியிலிருக்கும் ஆல்பனியிலிருந்து வந்தது. மாஸ்டரின் மகள்.

"மாத்திரைப் பெட்டியைத் தானே நிரப்புறாளாம். பொலிஸ் போச்சு," என்றார். அடுத்த வாரம் பழைய போனை வாங்கிக்கொண்டு புதுசு தந்தாள். "ரேடியோவும் போச்சு." அதற்கடுத்த வாரம், "அப்பா, எங்களோட வந்து இருக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

"தேர்தல், தம்பி. பெட்டி ஒண்டுதான் வச்சிருக்கு. ஓம் எண்ட பெட்டி."

குமாருக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஷிப்ட் வேலை; இவரும் போனால் என்னோடு பேச யார்? ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நான், அவர் புறப்படும் நாளில் அவர் சூட்கேஸைத் தூக்கி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்தேன். மகள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள்.

"உங்களுக்குச் சுகமில்லையோ அண்ணா?"

அவர் கிளம்பிப் போன அடுத்த வாரம், கெட்டிலுக்கு ஹங்கேரியின் கதையை விளக்கிக்கொண்டிருந்த என்னை நானே கையும் களவுமாகப் பிடித்தேன். உடனே போன் போட்டேன்.

"அங்க எப்படி, மாஸ்டர்?"

"சாப்பாடு நல்லம். பேரப்பிள்ளையள் இங்கிலிசிலதான் பதில் சொல்லுதுகள். பகல்ல ஒருத்தரும் இல்லை. கதைக்க ஆளில்லை, தம்பி."

இப்போது சனிக்கிழமைதோறும் ரயிலும் பஸ்ஸும் மாறி ஆல்பனிக்குப் போகிறேன். நூறு தடவை கேட்ட சரித்திரம்தான். அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போது நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறேன்: "அப்புறம் பல்கேரியா என்னாச்சு, மாஸ்டர்?"