தவளைக்குப் பேர் வைக்கும் உரிமை குறித்துத் தாய்மாமன் எழுதுவது

சின்னமனூர்,
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகள் ஓவியாவுக்கு, உன் தாய்மாமன் முத்துப்பாண்டி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அத்தையும் வாழைத்தோப்பும் சுகம். அங்கு மேற்கு ஆப்பிரிக்கச் சதுப்புக்காட்டில் முழங்கால் சேற்றில் நின்று தவளைக் கணக்கெடுக்கும் நீயும், கணக்கில் வந்த தவளைகளும், இனி வரவேண்டிய தவளைகளும் சுகமாயிருக்கக் கௌமாரியம்மன் துணை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உன் அம்மா என்னை நீக்கிவிட்டபடியால், இதைத் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

உலகத்தில் யாரும் இதுவரை பேர் வைக்காத தவளை ஒன்று அகப்பட்டிருக்கிறது, என்ன பேர் வைக்கலாம் என்று நீதான் குரூப்பில் கேட்டாய். கேட்ட மறுநிமிஷம் பழனிசெட்டிபட்டியிலிருந்து உன் சித்தப்பா ஈஸ்வரபாண்டி, என் பேரைத்தான் வைக்கணும் என்று ஆரம்பித்துவிட்டார். உன்னை மடியில் வைத்து மொட்டை போட்டது யார்? காது குத்தும்போது நீ கடித்த தழும்பை இன்னமும் கையில் வைத்திருப்பது யார்? நீ கண்டெடுத்தது உன் பிள்ளை மாதிரி, முறைப்படி பார்த்தால் அந்தத் தவளைக்கு நான் தாத்தா. இதைச் சொன்னா, 'நான்தான் சொந்தத் தாத்தா, நீ ஒண்ணுவிட்ட தாத்தா'ங்குறாரு. என்னையவா ஒண்ணுவிட்ட? பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், அதுல வார்த்தை கொஞ்சம் தடிச்சிருச்சு. உங்கம்மா, என்கூடப் பிறந்த அக்கா, கொழுந்தன் பக்கம் நின்னு என்னைய வெளியே தள்ளிருச்சு.

சரி, ஊருக்கு நியாயம் தெரியட்டும்னு ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சேன். நீ தவளைப் போட்டோ அனுப்பலை, அதனால என் போட்டோ மட்டும் போட்டு, கீழே 'ஆப்பிரிக்கக் காட்டில் கண்டெடுக்கப்பட்ட அரிய வகை முத்துப்பாண்டித் தவளை'ன்னு எழுதச் சொன்னேன். மேகமலை ரோட்டு முக்குல, நம்ம தெரு ஆரம்பத்துல கட்டி முடிச்சு எட்ட நின்னு பார்த்தப்பதான் எனக்கே சங்கடமாப் போச்சு. மேகமலைக்கு ஏறுற ஜீப் பூராம் அங்கன நின்னு, என்னையும் போர்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டுப் போகுது. உன் அத்தை அந்தத் தெரு வழியா நடக்குறதையே விட்டுருச்சு.

இதுக்கெடையில உன் சித்தப்பா, தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுன்னு என்னையச் சொன்னாராம். விடுவேனா? நீ தவளை எண்ணுற விதத்தைச் சொல்லுவியே, அதே மாதிரி பொழுது சாயவும் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, வாய்க்கா ஓரமாக் குத்தவச்சு, சத்தம் வர்ற பக்கமாக் காதைக் குடுத்து நகர்ந்து நகர்ந்து போனேன். போயிச் சேர்ந்த இடம் பக்கத்துத் தோட்டத்துப் பால்பாண்டியோட மோட்டார் ரூம். ஒயர் திருட வந்தவன்னு பய பின்னாலருந்து அமுக்கிட்டான். 'ஏலே, தவளை எண்ணுறேன்டா'ன்னு உள்ளதைச் சொன்னேன். அதுவரைக்கும் சும்மா புடிச்சிருந்தவன் அப்பத்தான் கயித்தை எடுத்தான். கட்டிப்போட்டுட்டு மூஞ்சியில வெளிச்சம் அடிச்சுப் பார்த்தவன், 'அட, ஃப்ளெக்ஸ்ல இருக்குற தவளை!'ங்குறான். அப்புறம் அவுத்துவிட்டு டீ வாங்கிக் குடுத்தான்.

இம்புட்டும் பட்டாச்சு. ஆகையால் தவளைக்கு முத்துப்பாண்டி என்றே பேர் வைக்கவும். வேறு பேர் வந்தால் உன் கல்யாணத்துக்கு மாமன் சீர் வராது, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. பூச்சி பொட்டு பார்த்து நட. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உரிமையை விட்டுக்கொடுக்காத
தாய்மாமன் முத்துப்பாண்டி

பின்குறிப்பு: இதைப் போட்டோ பிடிக்கப் போறப்ப நீயே போன் போட்டுட்ட. அந்தக் காட்டை அழிச்சுத் தோட்டம் போட மெஷின் வந்துச்சாம், அந்த ஊர்ச் சனம் பிள்ளைகுட்டியோட போயி மறிச்சு நின்னாகளாம், அதனால அவுக ஊர்ப் பேரை வைக்க உனக்கு ஆசையாம். 'ஆனா உரிமை உங்களுதுதான் மாமா, நீங்க வேண்டாம்னா வைக்கலை'ன்ன பாரு, அங்கனயே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தாயி. பதில் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிருச்சு. மேலே எழுதுனது அம்புட்டையும் அடிச்சுட்டேன்னு வச்சுக்க. மெஷினுக்கு முன்னாடி போயி நின்னவுகளைவிட நானென்ன பெரிய தாத்தா? அவுக ஊர்ப் பேரையே வையி, எனக்குப் பூரண சம்மதம். உன் சித்தப்பா கேட்டா மட்டும், மாமா சொல்லித்தான் வச்சேன்னு சொல்லிரு.