என் அரசியல் நிலைப்பாடும் ஒரு சாண் சார்ஜர் வயரும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும், எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு முதுகுவலி, தையல் மிஷினில் பெல்ட் நழுவுகிறது, இரண்டும் உங்களுக்குப் பழைய செய்தி. புதுச் செய்தி, அப்பா என்னோடு பேசி இன்றோடு நாலு நாள் ஆகிறது. போனில் சொல்வதற்கென்ன என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் கதவா இருக்கிறது, அம்மா தைத்துப் போட்ட திரைதானே. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால்தான் கடிதம். நாளைக் காலை பஸ்ஸில் உங்கள் டிப்போவுக்கே கொடுத்தனுப்புகிறேன். தையல் மேஜையில் வைத்து எழுதுவதால் எழுத்து நடுங்கினால் அம்மா மிஷின் ஓட்டுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் உங்களுக்கு ஏற்கனவே தீர்ப்பாகிவிட்டது. "உங்க அண்ணன் வேலைதான் இது" என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் இந்த ஊர் டிப்போவில் மெக்கானிக், தொழிலாளர் சங்கச் செயலாளர். நீங்கள் அந்த ஊர் டிப்போவில் மேனேஜர். இத்தனை வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசி உறவைக் காப்பாற்றி வந்தீர்கள். இப்போது நீங்கள் எனக்கு ரகசியமாகப் பாடம் நடத்தி என்னை நிர்வாகத்தின் பக்கம் இழுத்துவிட்டீர்களாம். போன தடவை வந்தபோது நீங்கள் என்னிடம் தனியாகக் கேட்டது பாத்ரூம் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பது ஒன்றுதான். அதை அம்மா எடுத்துச் சொல்லியும் அப்பா நம்பவில்லை.

நடந்தது இதுதான். எங்களுக்கு அரசியல் பாடம் எடுக்கிற மேடத்துக்குத் தராசு என்று பேர் வைத்திருக்கிறோம். எதைக் கேட்டாலும் ஒரு பக்கம் பார்த்தால் இப்படி, மறு பக்கம் பார்த்தால் அப்படி என்பார். வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு புது யோசனை. பெஞ்சையெல்லாம் ஓரம் கட்டச் சொன்னார். நாட்டில் அடித்துக்கொள்கிற விஷயமாக ஒவ்வொன்றாகக் கேட்பாராம், ஆமாம் என்பவர்கள் ஜன்னல் சுவரோரம், இல்லை என்பவர்கள் கதவுச் சுவரோரம் போய் நிற்க வேண்டுமாம். கருத்தில்லாதவர்கள் நடுவிலேயே நிற்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் நடுவில் நிற்பவர்கள் ஏன் கருத்தில்லை என்று எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். மாமா, அதற்கப்புறம் அந்த வகுப்பில் கருத்தில்லாத ஜீவன் ஒன்றுகூட இல்லை. அறுபது பேருக்கும் அந்த நிமிஷத்தில் கருத்து பிறந்துவிட்டது.

முதல் கேள்வி, மரண தண்டனை இருக்கலாமா. நான் கூடாது என்று கதவுப் பக்கம் போனேன். காரணம், என் ரெக்கார்டு நோட்டை வாங்கிப்போனவள் அங்கே நின்றாள், விட்டால் மறுபடி பிடிக்க முடியாது. இரண்டாவது, வேலை தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாமா. நம்மிடம் இடமில்லை என்றவர்கள் எல்லோரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், எனக்கு நிற்க இடமில்லை, அதனால் விடலாம் என்று ஜன்னல் பக்கம் போனேன். மூன்றாவது கேள்வி என் காதில் விழவே இல்லை, கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு முடிவுக்கு வந்தது. எந்தச் சுவர் என்றுகூட இப்போது நினைவில்லை. ஓட்டுப் போடாதவர்களுக்கு அபராதம் பற்றி என்று பிறகு சொன்னார்கள்.

நாலாவதுதான் என் தலையெழுத்து. என் போன் செத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் சுவரில் ஒரு பிளக் இருக்கிறது, ஏதோ ஒட்டகத்துக்காக வைத்த மாதிரி என் தலைக்கு மேலே. என்னிடம் இருந்தது ஒரு சாண் வயர். கீழே வைக்க வழியில்லை, அதனால் போனைக் கையில் பிடித்துக் கையைத் தூக்கியபடி நின்றேன். அப்போது பார்த்துத் தராசு மேடம், பஸ், ஆஸ்பத்திரி மாதிரி அத்தியாவசிய வேலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாமா என்று கேட்டார். இவர் என்ன கேட்கிறார் என்று என் மூளைக்கு எட்டுவதற்குள் அறுபது பேரும் பிரிந்து, என்னைச் சுற்றி தடை செய்யலாம் கட்சி கூடிவிட்டது. "மேடம், ஒரு நிமிஷம்" என்று வாயைத் திறந்தேன். போட்டோ எடுத்தார்கள்.

அந்தப் போட்டோவை நீங்கள் பார்த்திருக்கவில்லை என்றால் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் பாக்கி. கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். போனும் வயரும் பக்கத்தில் நின்றவளின் தலைமுடிக்குப் பின்னால் போய்விட்டன. தெரிவதெல்லாம் முன்வரிசையில் நான், ஓங்கிய கை, திறந்த வாய். கீழே, அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தம் வேண்டாம், துணிந்து நிற்கும் இளைய தலைமுறை என்று போட்டிருக்கிறது. எனக்கே அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இந்தப் பெண் எதற்கும் துணிந்தவள் என்று தோன்றுகிறது.

அன்று சாயந்திரமே அது டிப்போவுக்குப் போய்விட்டது. அங்கே ஹாரன் என்று ஒரு டிரைவர் இருக்கிறார், அவர் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் கடைசி நிறுத்தம் வரை போகாமல் நிற்காது. அப்பா ஒரு பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம். ஹாரன் குனிந்து, செயலாளரே, உங்க வீட்டு எதிர்க்கட்சியைப் பாருங்க என்று போனை நீட்டினாராம். அப்பா வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டாராம். ஷிப்ட் முடிகிற வரை வெளியே வரவில்லையாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. வருகிற வெள்ளிக்கிழமைதான் அவர்கள் சங்கத்தில் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுப்பு. ஆறு மாசமாக ஒவ்வொரு ஆளாகப் பார்த்துப் பேசி அப்பா கொண்டுவந்த ஓட்டெடுப்பு. சொந்த மகளையே சம்மதிக்க வைக்க முடியாதவர் நம்மை எப்படிச் சம்மதிக்க வைப்பார் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

வீட்டில் எனக்குப் பெயர் மாறிவிட்டது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், அப்பா அம்மாவிடம், தடைச் சட்டம் சாப்பிட்டாச்சான்னு கேளு என்பார். அம்மாவும் என்னைக் கேட்காமலே, சாப்பிட்டாச்சாம் என்பாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். முதல் ஷிப்டுக்குப் போகிற அப்பா தினமும் என் பஸ்ஸில் ஒரு ஜன்னல் சீட்டில் தன் துண்டைப் போட்டு வைப்பார், நான் ஏறி அதை எடுத்து மடித்துக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு உட்காருவேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். சனிக்கிழமையும் துண்டு இல்லை, நேற்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நின்றுகொண்டே போய் வருகிறேன். கால் வலிக்கவில்லை, வேறு எங்கேயோ வலிக்கிறது.

சும்மா இருக்காமல் நானே சரி செய்யலாம் என்று போனது அடுத்த தப்பு. அந்தப் போட்டோவுக்குக் கீழே, இது என் கருத்து அல்ல என்று எழுதினேன். மிரட்டி அப்படி எழுத வைத்துவிட்டார்கள் என்று தடை வேண்டும் என்கிற ஒரு கூட்டம் எனக்காகக் கொதித்து, என்னைக் கேட்காமலே தங்கள் மன்றத்துக்குத் துணைத் தலைவி ஆக்கிவிட்டது. எதிர்க் கூட்டம் என்னைக் கட்சி மாறி என்றது. ஒரு கட்சியில் இருந்தால்தானே மாறுவதற்கு. அம்மாவிடம் போய் அழுதேன். கருத்து சொல்றதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம் என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். அம்மாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை, வேட்பாளரின் சட்டைக் காலரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவள். தையல் பிரிந்த காலரோடு வருகிறவன் எதைப் பார்த்துக்கொள்வான் என்பது அவளுடைய அரசியல், அதில் அவள் ஒரு நாளும் குழம்பியது கிடையாது.

சரி, உண்மையிலேயே நான் என்னதான் நினைக்கிறேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். இங்கேதான் சிக்கல். கீழ்வீட்டு நர்ஸ் அக்கா போட்டோவைப் பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். போன வேலைநிறுத்தத்தின்போது இரண்டரை மணி நேரம் நடந்து வார்டுக்குப் போனாராம், அதுவரை முந்தின ஷிப்ட் நர்ஸ் ஒருத்தியே நாற்பது பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவர் சொல்லி முடித்தபோது தடை செய்யத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தேய்ந்த பிரேக் கட்டைகளையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள், உங்கப்பா எட்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குத்தான் இந்த வேலைநிறுத்தம், இதில் நீயும்தானே ஏறி வருகிறாய் என்றார். இறங்கும்போது அப்பா சொல்வதுதான் சரி என்று தோன்றியது. ஆக என்னிடம் கடைசியாக யார் பேசினாரோ அவருடைய கருத்துதான் என்னுடைய கருத்து. பத்தொன்பது வயசாகிறது. செயலாளர் மகள். மேனேஜர் மருமகள். உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை மாமா. நான் தப்பான சுவரோரம் நின்றது பெரிய விஷயமில்லை, எந்தச் சுவர் எனக்குச் சரியான சுவர் என்று தெரியவில்லையே, அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, இந்தக் குழந்தைக்கு எந்தக் கருத்தும் கிடையாது, நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை, அது போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது என்று ஓட்டெடுப்புக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் குழாய் திறந்துவிடும். நீங்கள் சொன்னால் மரியாதைக்காவது கேட்பார். அப்பா மறுபடி என் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும், என்னை முட்டாள் என்று பேசினாலும் சரி.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் இருவர் ஆசியையும் எதிர்பார்த்து, எந்தப் பக்கமும் சேராத,

உங்கள் அன்பு மருமகள்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதைப் படித்திருந்தால் தயவு செய்து மறந்துவிடுங்கள். அப்பாவுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். சற்று முன்னால் அவர் டிப்போவிலிருந்து வந்து, கை கால் கழுவாமல்கூட என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு நாளா உன்மேல கோவம்னு நெனச்சேன். அது கோவம் இல்ல. நான் செயலாளர்னு தெரிஞ்சும், நாலு பேர் பாக்குறாங்கன்னு தெரிஞ்சும், மனசுல பட்டதுக்காகக் கையத் தூக்கிக்கிட்டு முன்னாடி நின்னியே. உன் வயசுல எனக்கு அந்தத் தைரியம் வரல" என்றார். பிறகு, "ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க ரெண்டு பக்கமும் கேக்கணும். வெள்ளிக்கிழமை டிப்போ வாசல்ல நடக்குற கேட் மீட்டிங்ல நீ வந்து உன் பக்கத்தைப் பேசு. எவன் சிரிக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், சரிப்பா என்று வந்துவிட்டது. மாமா, வேலைநிறுத்தத்துக்கு எதிராக மேனேஜர்கள் சொல்வதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பத்து நிமிஷம் பேசுகிற அளவுக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் கையெழுத்து அப்பாவுக்குத் தெரியும், அதனால் டைப் அடித்து அனுப்புங்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று அப்பா என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை, ஒன்றும் நினைக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். மறக்காமல் வியாழக்கிழமை பஸ்ஸிலேயே கொடுத்துவிடுங்கள், நான் சரியாகப் பேசவில்லை என்றால் அதற்கப்புறம் பஸ் ஓடாது.