ஏலிம் ஊற்றும் பூமியின் பிறந்தநாளும்

கடலை யாருமே கண்ணால் பார்த்திராத ஒரு சீமையில், ஒரு மலை முழுக்கச் சிப்பியாக இருந்தது. கல்லை உடைத்தால் சிப்பி, சுவரைச் சுரண்டினால் சிப்பி, அரிசியில் பொறுக்கிப் போடும் கல்லிலும் சிப்பி. அதனால் சிப்பிமலை நாடு என்று பெயர். மலைமேல் சிப்பி எப்படி வந்தது என்று கேட்பது மட்டும் அங்கே மரியாதைக் குறைவு.

அந்த நாட்டுக்கு ஓர் அரசர் உண்டு. ஆட்சி அவர் வேலையல்ல. அதைத் தேர்தலில் ஜெயித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, பூமியின் பிறந்தநாளன்று, கேக்கின் மேலிருக்கும் மெழுகுவர்த்திகளை ஊதி அணைப்பதுதான் அரசரின் வேலை. பூமிக்கு எத்தனை வயதோ அத்தனை மெழுகுவர்த்தி. வயதைச் சட்டசபை ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். பூமியும் இதுவரை மறுப்பு ஏதும் தெரிவித்ததில்லை.

மலையடிவாரத்து மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுத்தவர் எப்சிபா டீச்சர். காலையில் விஞ்ஞானம், மத்தியானம் வேதபாடம். இரண்டுக்கும் அவரிடம் இருந்தது ஒரே உபகரணம், மேசைமேல் கிடந்த உள்ளங்கையளவு சிப்பிக்கல். காலையில் அதைத் தூக்கிக் காட்டி, "இந்த மலை ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்துச்சு பிள்ளைகளா. கோடிக் கோடி வருஷத்துக் கதை" என்பார். மத்தியானம் அதே கல்லைக் காட்டி, "இத்தனையையும் பொறுமையா செஞ்சவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்பார். பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே வந்ததில்லை, வாய்த்துடுக்கு தபித்தாளைத் தவிர.

"டீச்சர், வேதத்துல ஆறே நாளுன்னு போட்டிருக்கு. காலையில சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"சூரியனை எத்தனாவது நாள் உண்டாக்கினாரு?"

"நாலாவது நாள்."

"அப்போ முதல் மூணு நாளை எந்தச் சூரியனைப் பார்த்து எண்ணினாங்களாம்? அதெல்லாம் அவரோட நாளு தபித்தா. நாம காலண்டர்ல கிழிக்கிற நாளில்ல. கர்த்தர் அவசரப்படுறவர் இல்ல."

"எங்கம்மா சோறு வடிக்கிற மாதிரியா?"

"உங்கம்மாவைவிடக் கொஞ்சம் மெதுவா."

பள்ளிக்குப் பின்னால் ஏலிம் ஊற்று இருந்தது. படிக்கட்டு வைத்த ஆழமான கிணறு. அந்த ஊரில் முதலில் குடியேறிய விசுவாசிகள், வேதத்தில் வரும் பாலைவன ஊற்றின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். ஊருக்கே குடிதண்ணீர் அதுதான். டீச்சர் அதையும் பாடமாக்கியிருந்தார். மழை சொட்டுச் சொட்டாகக் கல்லுக்குள் இறங்கி வரத் தலைமுறை தலைமுறையாகக் காலம் பிடிக்கும்; இன்று குடிப்பது எந்த ராஜாவும் பிறப்பதற்கு முந்திப் பெய்த மழை; குடத்தில் மொண்டால் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தொடுவதுபோலத் தொடுவார்கள்.

அந்தச் சமயத்தில் ஆறாயிரவர் கட்சி ஆட்சிக்கு வந்தது. பூமிக்கு வயது ஆறாயிரம். கூட ஒரு வருஷம் சொல்கிறவன் கடவுளை நம்பாதவன் என்பது அவர்கள் கொள்கை. வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி இலவசம் என்பது வாக்குறுதி. ஆறாயிரம் மெழுகுவர்த்தி செய்ய ஓர் அரசாங்க ஆலை தேவைப்பட்டது. உருக்கிய மெழுகை அச்சில் ஊற்றினால் போதாது, அச்சைக் குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டும். எனவே ஆலையை ஏலிம் ஊற்றின் கரையிலேயே கட்டி, யானைத் தும்பிக்கை பருமனில் குழாயை இறக்கினார்கள்.

டீச்சர் மனு கொடுத்தார். வயதுத்துறை அமைச்சர் அகலவாணர், தோளில் கோடு போட்ட துண்டோடு, பள்ளிக்கே வந்துவிட்டார்.

"ஊற்று வற்றிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏனம்மா?"

"அது ரொம்பப் பழைய தண்ணிங்க ஐயா. இறைச்சா சீக்கிரம் ஊறாது."

"பழைய தண்ணீரா? பூமியே ஆறு நாளில் உண்டானது. ஒரு கிணறு நிரம்ப அதைவிட அதிக நாள் ஆகுமா? உங்கள் விசுவாசத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது."

ஓட்டை கிணற்றில் விழப்போகிறது என்று டீச்சர் சொல்ல நினைத்தார். அதற்குள் அமைச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தக் கல்லை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். பழைய கடல், பழைய மழை, பேச்சு மூச்சு கூடாது. பொழுது சாய்ந்ததும் பம்பை நிறுத்தச் சொல்கிறேன்."

தலைமையாசிரியர் யோபு சார் நடுவில் வந்து கெஞ்சினார். "ஒத்துக்கோங்க டீச்சர். நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பூமி எந்த வயசுல இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

டீச்சர் கல்லைப் பூட்டினார். தண்ணீருக்காகத்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பம்பும் சொன்ன சொல் தவறாமல் பொழுது சாய்ந்ததும் நின்றது. அமைச்சர் சாப்பிட்டுக் கைகழுவியதும் மறுபடி ஓடியது. வகுப்பில் புதுப் பாடம் நடந்தது: கிணறு என்பது இறைக்க இறைக்க ஊறுவது. பிள்ளைகள் அதை உரக்கச் சொன்னார்கள். தபித்தாள் மட்டும் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி ஏதும் கேட்கவில்லை. அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

அடுத்த தேர்தலில் கோடியர் கட்சி ஜெயித்தது. பூமிக்கு வயது நானூற்றைம்பது கோடி என்று சட்டசபையில் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். டீச்சர் சந்தோஷமாகக் கல்லை வெளியே எடுத்து வைத்தார். அன்று சாயங்காலமே கட்டம் போட்ட துண்டோடு ஓர் அமைச்சர் வந்தார். அதே அகலவாணர்.

"கல் சரி. மத்தியானத்து ஸ்தோத்திரம்தான் சரியில்லை. நானூற்றைம்பது கோடியும் கடவுளும் ஒரே வகுப்பில் உட்காரக் கூடாது. அது எங்கள் கொள்கைக்கு இழுக்கு."

"இத்தனை நாளும் ஒரே மேசையிலதாங்க ஐயா உட்கார்ந்திருந்தாங்க. சண்டையே வந்ததில்ல."

"அதுதான் எங்களுக்குக் கவலை."

டீச்சருக்குக் கொள்கையைவிடக் கிணறு பெரிது. "நானூற்றைம்பது கோடி மெழுகுவர்த்திக்கு இந்த ஊற்று தாங்காது ஐயா" என்றார்.

"நானூற்றைம்பது கோடி வருஷமாகச் சேர்ந்த தண்ணீர் அம்மா! தீருமா? நீங்களே சொன்ன கணக்குதானே?" அமைச்சர் மறுபடி குரலைத் தாழ்த்தினார். "ஜெபத்தை விட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்ததும் பம்பை..."

"ஒரு தடவை கல்லைப் பூட்டினேன். பொழுதும் சாஞ்சுது, பம்பும் ஓடுச்சு. கர்த்தரை வைக்கிற அளவுக்கு எங்ககிட்ட அலமாரி இல்லீங்க."

அன்றோடு டீச்சருக்கு வேலை போயிற்று.

பிறகு நாடே மெழுகு தேடி அலைந்தது. தேனீக்களைக் கைது செய்தார்கள். கோயில் பீடத்து மெழுகுவர்த்திகளைத் தேசியமயமாக்கினார்கள். அதுவும் போதாமல் குடிமக்களின் காதுக் குறும்பிக்கு வரி விதித்தார்கள். ஊர்க்கோடியில் வரிசையில் நின்று ஜனங்கள் காதைக் குடைந்து கொடுத்தார்கள். காது சுத்தமாகிவிட்டதால் அமைச்சரின் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது என்பது ஒன்றுதான் கண்ட பலன். ஆலை இரவும் பகலும் ஓடியது. ஊற்றில் முதலில் குடம் எட்டவில்லை, அப்புறம் கயிறு எட்டவில்லை.

பிறந்தநாள் வந்தது. மலையையே மூடினாற்போல் ஒரு கேக். கடைசி மெழுகுவர்த்தியை ஏற்றுவதற்குள் முதல் மெழுகுவர்த்திகள் எரிந்து தீர்ந்துவிட்டதால், பூமியின் வயதை யாராலும் முழுசாகக் காட்ட முடியவில்லை. ஆனாலும் அரசர் கடமை தவறாதவர். மூச்சுப் பிடித்து ஊதினார், ஊதினார், கண் பிதுங்கும் வரை ஊதினார். பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டு, தம் ஆட்சிக்காலத்தின் ஒரே உத்தரவைப் போட்டார்.

"தண்ணீர்."

ஆள் ஓடினான். வெறும் குவளையோடு திரும்பி வந்தான். குவளையின் அடியில் ஒரு சிப்பி மட்டும் கிடந்தது.

அவசரமாகச் சட்டசபை கூடியது. ஆறாயிரவரும் கோடியரும் சரித்திரத்தில் முதன்முறையாக ஒரே பக்கம் உட்கார்ந்தார்கள். கோடும் கட்டமும் கலந்த துண்டோடு அகலவாணர் எழுந்தார். "பூமி இன்று காலையில்தான் பிறந்தது என்று இந்த அவை தீர்மானிக்கிறது. ஆகவே இதற்கு முன் ஊற்று என்று ஒன்று இருந்ததில்லை. இல்லாத ஊற்று வற்றவும் முடியாது. யார் மேலும் குற்றமில்லை. இனி மெழுகுவர்த்தியும் ஒன்று போதும். இந்தச் சிக்கனத்துக்காக அரசைப் பாராட்டலாம்."

பாராட்டினார்கள். வறண்ட தொண்டையில் வாழ்த்து வராததால், கையை மட்டும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் கேட்கும் தூரத்தில், எப்சிபா டீச்சர் பழைய மாணவர்களோடு ஏலிம் ஊற்றின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். இத்தனை காலமும் தண்ணீர் மூடியிருந்த சுவர் இப்போது வெளியே தெரிந்தது. அடுக்கடுக்காகக் கல், அடுக்கு முழுக்கச் சிப்பி, நத்தை, ஏதோ ஒரு மீனின் முள். விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் இதைவிட நல்ல வகுப்பறை உலகத்தில் இல்லை. தடுக்கவும் ஆளில்லை. பிள்ளைகள் சுவரை விரலால் தடவிப் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டார்கள்.

டீச்சருக்கு அலமாரிச் சாவியின் ஞாபகம் வந்தது. வாயை மூடினால் தண்ணீர் மிஞ்சும் என்று நம்பிய அந்த நாளும் நினைவுக்கு வந்தது.

"டீச்சர்" என்றாள் தபித்தாள். துடுக்கு போன குரல். "இது திரும்ப எப்போ ஊறும்?"

டீச்சருக்குப் பதில் தெரியும். காலைப் பாடத்திலும் அதே பதில்தான், மத்தியானப் பாடத்திலும் அதே பதில்தான். அவரே ஆயிரம் தடவை சிரித்துக்கொண்டு சொன்ன பதில்.

காய்ந்த படியில் முழங்கால் போட்டார். பிள்ளைகளும் போட்டார்கள். அவசரப்படுகிறவர் இல்லை என்று வாழ்நாள் முழுக்க யாரைப் பெருமையாகச் சொல்லி வந்தாரோ, அவரிடமே டீச்சர் அன்று முதன்முதலாக, கொஞ்சம் அவசரப்படும்படி கேட்டுக்கொண்டார்.